பஞ்சும் பட்டியலும்: போடி மலைச்சரிவின் இலவத்தை முன்வைத்து



கவிதை பேசக் கூடும் வட்டத்தில், பஞ்சையும் நூலையும் துணியையும் கணிப்பொறிக்குள் எவ்வாறு வகைப்படுத்தி வைப்பது என்னும் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் எந்தப் பொருளுக்கு எந்தப் பெயர், எது எதனோடு சேரும், எது தனித்து நிற்கும் என்பன புலவர் தொழிலுக்குள் என்றும் இருந்துவந்த வினாக்களே. இவற்றுக்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வரை சென்றால் போதும்.

முந்தலில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது. உச்சியிலும் அதற்கு அப்பாலும் ஏலத் தோட்டங்கள், இடைச்சரிவில் காப்பி, அடிவாரத்திலும் தாழ்ந்த சரிவுகளிலும், குரங்கணி, கொட்டகுடி, அகமலைப் பக்கங்களில், இலவ மரங்கள். கோடையில் இலையுதிர்ந்த கிளைகளில் காய்கள் மட்டும் தொங்கும். அவை பறிக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, விதை நீக்கப்பட்டு மெத்தையாகவும் தலையணையாகவும் ஊர் ஊராகச் செல்கின்றன. போடியின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டு சென்றது ஏலக்காய். தமிழ்நாட்டு வீடுகளின் படுக்கையறைக்குக் கொண்டு சென்றது இலவம்பஞ்சு.

இவ்விரண்டையும் ஊர் நடத்தும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. ஏலக்காயை வகைப்படுத்துவதில் போடிக்காரரை யாரும் விஞ்ச இயலாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. அங்கே காய் சல்லடைக் கண்ணால் அளக்கப்படுகிறது. 7 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா என்று கேட்கப்படுகிறது. ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்க்கப்படுகிறது. நிறம் பச்சையா, வெளுத்ததா என்பது தனி. அளவு, எடை, நிறம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று சாராத மூன்று கேள்விகள். அதே ஊரில், அதே மலையிலிருந்து இறங்கும் இலவத்துக்கோ பெரும்பாலும் ஒரே சொல்தான்: பஞ்சு. கடையில் பருத்திக்கும் அச்சொல்லே. செயற்கை இழைத் திணிப்புக்கும் அச்சொல்லே. கடற்பஞ்சு போன்ற ரப்பர்த் திண்டுக்குங்கூடப் பல வீடுகளில் அச்சொல்லே வழங்குகிறது. இப்பொழிவு எடுத்துக்கொள்ளும் சிக்கல் இந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

தரவுத்தளம் என்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு துணிக்கடைக்காரர் தம் சரக்கையெல்லாம் ஒரே பேரேட்டில் எழுதுகிறார் என்க. ஒவ்வொரு சேலைக்கும் எதிரே அதன் நூல், அந்நூலின் பஞ்சு, அப்பஞ்சின் இயல்பு என எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதினால், ஆயிரம் சேலைக்கு ஆயிரம் முறை ஒரே செய்தி வரும். ஓரிடத்தில் பிழை திருத்தினால் மற்ற 999 இடங்களில் பிழை நிற்கும். 1970ஆம் ஆண்டு எட்கர் காட் என்னும் கணித அறிஞர் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி கண்டது. நாரிழைக்கு ஓர் அட்டவணை, நூலுக்கு ஓர் அட்டவணை, துணிக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். துணியின் வரியில் நூலைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். நூலட்டவணையில் அந்நூலுக்கு உரிய எண்ணை மட்டும் குறித்தால் போதும். நூலின் வரியில் அவ்வாறே நாரிழையின் எண். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்கும். தேவைப்படும்போது அட்டவணைகள் ஒன்றோடொன்று கோக்கப்படும். இன்று வங்கிக் கணக்கு முதல் இரயில் முன்பதிவு வரை பெரும்பகுதி இம்முறையில்தான் இயங்குகிறது.

நாரிழை, நூல், துணி என்னும் வரிசை இயற்கையானதாகவே தோன்றும். தமிழுக்கு இது புதிதும் அன்று. நன்னூலின் பாயிரப் பகுதியில் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்த உவமை இவ்வவையில் பலர் மனப்பாடமாக அறிந்தது. அந்த உவமையில் வரும் பஞ்சு பருத்தி என்பதை இப்போதைக்கு நினைவில் கொண்டால் போதும்.

முதலில் நூலட்டவணை. இதில் மிகவும் இடர் தருவது நூலின் பருமன். நெசவாளர் "நாற்பதாம் நம்பர்", "அறுபதாம் நம்பர்", "நூறாம் நம்பர்" என்பர். எண் ஏற ஏற நூல் மெல்லியதாகும். காரணம், இது எடையை நிறுத்தி வைத்து நீளத்தை எண்ணும் கணக்கு: ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜக் கழிகள் எத்தனை வருகின்றனவோ அதுவே நம்பர். பட்டுக்கும் செயற்கை இழைக்கும் வழங்கும் டெனியர் கணக்கு இதற்கு நேர்மாறு. அதில் நீளத்தை நிறுத்தி எடையை எண்ணுகின்றனர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெனியர். 1000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது டெக்ஸ். இவ்விரண்டிலும் எண் ஏறினால் நூல் தடிக்கும். பருத்தி நாற்பதாம் நம்பர் ஏறத்தாழ 14.8 டெக்ஸ், எண்பதாம் நம்பர் அதில் பாதி. ஒரே கட்டத்தில் ஒருவர் நம்பரையும் மற்றொருவர் டெனியரையும் எழுதிவைத்தால், கணிப்பொறி இரண்டையும் வெறும் எண்ணாகவே பார்த்து, பட்டைப் பருத்தியினும் தடித்தது என்றோ மெல்லியது என்றோ பொய் சொல்லும். ஆகவே எண்ணுக்கு ஒரு கட்டமும், அது எந்தக் கணக்கின் எண் என்பதற்கு மற்றொரு கட்டமும் வேண்டும். ஒற்றை நூலா, இரண்டு சேர்த்து முறுக்கியதா என்பதும் தனிக் கட்டம். "இரட்டை நாற்பது" என்று நெசவாளர் ஒரே மூச்சில் சொல்வது அட்டவணையில் மூன்று கட்டங்களாக விரியும்.

துணியட்டவணையில் பாவு நூல் எது, ஊடை நூல் எது, நெசவு சாதாவா சாய்வரியா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், கோராவா, வெளுத்ததா, சாயமேற்றியதா, அச்சிட்டதா என்பன வரும். இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1988ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த உலகச் சுங்கப் பட்டியல், ஒரு துணி எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பதை இக்கேள்விகளைக் கொண்டே தீர்மானிக்கிறது. எடையில் நூற்றுக்கு 85 பங்கோ அதற்கு மேலோ பருத்தியாய், சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மிகாத நெய்த துணி என்றால் 5208; எடை 200ஐத் தாண்டினால் 5209. கலப்புத் துணியானால் எந்த நாரிழை எடையில் மிகுந்ததோ அதன் பெயரில் துணி சேரும். எதுவும் மிகாமல் சமனாய் நின்றால்? பட்டியலின் எண்வரிசையில் கடைசியாக வருவது எதுவோ அதன் பெயரில் சேரும் என்கிறது விதி. பருத்தியும் செயற்கை இழையும் சரிபாதியாய் இருந்தால் துணி செயற்கை இழைத் துணி ஆகிவிடும். ஏன் என்று கேட்டால் காரணம் எதுவும் இல்லை. எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதே காரணம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் இத்தகைய வகைப்பாட்டின்மேல் நிற்பதே. சேலை, வேட்டி, துண்டு போன்றவற்றுள் எது கைத்தறிக்கு மட்டும் உரியது, எது விசைத்தறிக்கும் ஆகும் என்பது அத்துணிக்குத் தரப்படும் வரையறையைப் பொறுத்தது. வரையறையில் ஒரு சொல் மாறினால் தறியில் இருப்பவரின் வாழ்வு மாறும்.

இனி, தமிழில் இவ்வேலை முன்பே நடந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் தெருக்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். துணிக்கடைத் தெருவைப் பாடுமிடத்தில் இளங்கோவடிகள் பருத்தி நூல், மயிர், பட்டு நூல் என மூன்று நாரிழைகளைப் பெயர் சொல்லி, அவற்றால் நெய்த மடிகள் பல நூறாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டுகிறார். அவ்வடுக்குகள் இன்ன வகை என்று பிரித்தறிய முடியாதவை என்றும் ஒரு குறிப்பு அங்கே வைக்கிறார். தெருவில் நின்று பார்த்த கவிஞர் நாரிழையை மட்டும் மூன்றாகப் பகுத்துவிட்டு, துணியைப் பகுக்கும் வேலையைக் கைவிட்டார். அது நேர்மையான செயல்.

கைவிட்ட வேலையைச் சில நூற்றாண்டுகளுக்குப் பின் அடியார்க்குநல்லார் எடுத்துக்கொண்டார். அவருடைய உரையில் வரும் 36 துகில் வகைகளின் பட்டியல் அறிஞர் பலரும் எடுத்தாள்வது. அதனைக் கவிஞர் படிப்பது ஒலிக்காக. நெசவு வரலாறு எழுதுவோர் படிப்பது பெயர்களுக்காக. தரவுத்தளம் அமைப்பவர் படித்தால் வேறொன்று கண்ணில் படும். கோசிகம் என்பது பட்டு. நாரிழையால் வந்த பெயர். பீதகம் பொன்னிறம், குருதி செந்நிறம், கரியல் கருநிறம். இவை நிறத்தால் வந்த பெயர்கள். இரட்டு, நூல்யாப்பு ஆகியன நூலமைப்பைச் சுட்டுவன போலும். பொன்னெழுத்து, சித்திரக்கம்மி ஆகியன மேல்வேலையைச் சுட்டுவன. தேவகிரி ஊரால் வந்தது. இவற்றுக்கு நடுவே, எந்த விளக்கமும் இன்றி, 'பஞ்சு' என்றே ஒரு துகில்! அது எந்தப் பஞ்சு என்று கேட்க இன்று அடியார்க்குநல்லார் இல்லை.

இப்பட்டியலின் சிறப்பும் குறையும் ஒன்றே. நாரிழை, நிறம், நூலமைப்பு, மேல்வேலை, ஊர் என்னும் ஐந்து கேள்விகளின் விடைகளை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. தேவகிரியில் நெய்த, செந்நிறமான, பொன்வேலை செய்த பட்டு ஒன்று வந்தால் அது எத்தனையாவது வகை? நான்கு பெயருக்கும் அது உரியது. ஒன்றிலும் முழுமையாக அடங்காதது. உரையாசிரியரைக் குறை சொல்வதாக இதனைக் கொள்ளல் வேண்டா. அவர் செய்தது அகராதித் தொகுப்பு. அது இன்றேல் அந்த 36 பெயர்களுள் பெரும்பாலானவை அழிந்திருக்கும். இன்றைய வணிகமும் அதே முறையில்தான் பெயரிடுகிறது. தமிழ்நாட்டில் விளைந்த எம்.சி.யு. 5 என்னும் பருத்தியின் பெயரை விரித்தால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என மூன்று ஊர் நாடுகள் வரும். கருங்கண்ணி என்பதோ இம்மண்ணின் பழைய பருத்திக்கு உழவர் இட்ட பெயர்.

பல கேள்விகளைப் பல கேள்விகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நூலக உலகுக்குக் கற்பித்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் அமர்ந்து, பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில தகடுகள், சில திருகுகள்; அவற்றை வெவ்வேறாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்யலாம். அறிவுத் துறைகளையும் இவ்வாறு பூட்டிக் காட்டலாமே என்னும் எண்ணம் அங்கே தோன்றி, 1933இல் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. நூல்களை ஆயத்த அறைகளில் திணிப்பதற்கு மாறாக, முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என்னும் முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொள்வது அம்முறை. தேவகிரிப் பட்டுக்கு அதில் இடர் இல்லை. மூலப்பொருள் பட்டு; செயல் பொன்வேலை; இடம் தேவகிரி. எந்த முகத்திலிருந்து தேடினாலும் அது கிடைக்கும்.

தொல்காப்பியம் கற்றவர்க்கு இது முற்றிலும் அயலானது அன்று. குறிஞ்சி என்பது ஓர் அறையின் பெயரன்று. நிலமும் பொழுதும் முதற்பொருளாய், மரமும் புள்ளும் பறையும் தொழிலும் கருப்பொருளாய், புணர்தல் உரிப்பொருளாய் ஒன்று கூடும்போது பிறக்கும் சேர்க்கையின் பெயர். கருப்பொருள்கள் ஒன்றன் எல்லையில் மற்றொன்று மயங்கி வரலாம் என்று ஆசிரியர் இடம் தருகிறார். திணையை நிலைநிறுத்துவது உரிப்பொருள். அரங்கநாதனுக்கு இதிலிருந்துதான் எண்ணம் வந்தது என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. அதற்குச் சான்று தேவை. ஒரே வகையான சிக்கலுக்கு இரு காலத்தவர் ஒத்த வழியைக் கண்டனர் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நன்று.

இப்போது மலைச்சரிவுக்குத் திரும்பலாம். நாரிழை, நூல், துணி என மூன்று அட்டவணைகளும் ஆயத்தமாக இருக்கின்றன. முதல் சரக்காக போடி இலவம் வருகிறது.

முதற்கட்டம் பெயர். இங்கேயே தடை. இலவம் என்னும் பெயர் இரண்டு மரங்களுக்கு உரியது. சங்கப் பாடல்களின் இலவம் செந்நிறப் பூ உடையது. அடிமரத்தில் முள் உடையது. தாவர நூலார் அதனைப் பாம்பாக்ஸ் சீபா என்பர். போடிச் சரிவில் இன்று மெத்தைக்காக வளர்க்கப்படுவதோ வெளிறிய சிறு பூக்களை உடைய சீபா பென்டாண்ட்ரா. அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். உலக வணிகத்தில் இதன் பஞ்சுக்குக் காப்போக் என்று பெயர். அது மலாய்ச் சொல். முள்ளிலவத்தின் பஞ்சும் திணிப்புக்கு ஆவதால் அதனை 'இந்தியக் காப்போக்' என்று வணிகர் வழங்கினர். ஆக, தமிழில் ஒரு பெயருக்கு இரண்டு மரம். வணிகத்தில் ஒரு பெயருக்கு ஓர் அடைமொழி சேர்த்து இரண்டு பஞ்சு. ஒரு பொருளுக்குப் பெயர் ஒன்றே என்று கொள்ளும் அட்டவணை இங்கே உடைந்துவிடும். பெயர்களுக்கெனத் தனி அட்டவணை வேண்டும். அதில் எந்தப் பெயர், எந்த ஊரில், எந்த மரத்துக்கு என்பது வரவேண்டும். நிகண்டு செய்தவர்கள் ஒரு சொல் பல்பொருட்பெயர்த் தொகுதி என்று ஒரு பகுதியைத் தனியே வைத்தது இத்தேவையை அறிந்தே.

இரண்டாவது, பஞ்சின் இயல்பு. பருத்தி இழை விதைத் தோலின்மேல் முளைக்கும் மயிர். காய் வெடித்து உலரும்போது அவ்விழை தட்டையாகிப் பல இடங்களில் முறுக்கிக்கொள்ளும். அந்த இயற்கை முறுக்கே ஓர் இழையை அடுத்த இழையோடு பற்றவைத்து நூலாக நிற்கச் செய்வது. இலவம்பஞ்சு விதையின்மேல் முளைப்பதன்று. காயின் உட்சுவரில் முளைப்பது. விதை அதனுள் ஒட்டாமல் கிடக்கும். அதனால்தான் பருத்திக்கு வேண்டிய அரைவை ஆலை இதற்கு வேண்டுவதில்லை, கடைந்து உதறினாலே விதை பிரிந்து விழும். இழையோ மெல்லிய சுவருடைய குழல். உள்ளே பெரும்பகுதி காற்று. மேலே மெழுகுப் பூச்சு. முறுக்கு இல்லை. கதிரில் ஏற்றினால் வழுக்கிக்கொண்டு அவிழும், இழுத்தால் முறியும். நன்னூல் உவமையில் இலவத்துக்கு இடமில்லை.

நூலாகாத அந்தக் குணமே அதனைத் தலையணைக்கு உரியதாக்குகிறது. காற்றடைத்த குழல் அமுங்கி எழும். மெழுகு நீரை விலக்கும். தண்ணீரில் தன் எடையைப் போல் முப்பது மடங்கு வரை தாங்கி மிதக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். அதனால் கப்பலில் உயிர்காப்பு அங்கிகளுக்கு அது திணிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு ஜாவாத் தீவு ஜப்பானியர் கையில் விழுந்தபோது அமெரிக்கக் கடற்படைக்குக் காப்போக் வரத்து நின்றது. 1944இல் அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் வயல்வெளிகளில் பை பையாக ஒரு காட்டுச்செடியின் காய்களைப் பறித்துக் கொடுத்தனர்; அச்செடி நம்மூர் எருக்கின் உறவு. எருக்கங்காய்ப் பஞ்சை ஊதி விளையாடிய எவரும் அச்சிறுவர்களின் கைகளைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அட்டவணையில் இலவத்தின் வரி முடமாகவே நிற்கிறது. நாரிழை அட்டவணையில் ஏறிய அது, நூலட்டவணைக்குச் செல்ல வழியில்லை. நூலில்லாமல் துணியட்டவணைக்கும் செல்ல முடியாது. நூல் எண், முறுக்கு, பாவு, ஊடை, நெசவு என்று கட்டங்கள் எல்லாம் வெறுமை. நாரிழையிலிருந்து நூல், நூலிலிருந்து துணி என்னும் வழி ஒன்றே என்று கருதியவர் வரைந்த அட்டவணை அது. "இலவு காத்த கிளி" என்று பழமொழியில் கிளியை எள்ளுவர். பழம் வருமென்று காத்திருந்து பஞ்சு வந்ததும் ஏமாந்தது கிளி. அட்டவணை வரைந்தவரும் அக்கிளியின் நிலையில்தான் இருக்கிறார். அவர் காத்திருப்பது நூலுக்கு.

உலகச் சுங்கப் பட்டியலும் இங்கே தடுமாறியிருக்கிறது. அதில் நெசவுப் பொருள்களுக்குரிய பகுதி 50ஆம் அதிகாரம் முதல் 63 வரை. பட்டு 50, கம்பளி 51, பருத்தி 52, பிற தாவர நார்கள் 53. இவற்றுள் எதிலும் இலவம்பஞ்சு சேர்க்கப்படவில்லை. 14ஆம் அதிகாரத்தில், திணிப்புக்கு ஆகும் தாவரப் பொருள்கள் என்ற தலைப்பில் 1402 என்னும் எண்ணின் கீழ் அதற்குத் தன் பெயரிலேயே ஓர் உட்பிரிவு இருந்தது. வணிக அளவு சிறிதென்று 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அத்தலைப்பே நீக்கப்பட்டது. இலவம் இப்போது 1404இல் 'ஏனையவை' என்னும் கூட்டத்தில் இருக்கிறது. இந்தியப் பட்டியலில் அதே கூட்டத்தில் பீடி இலை இருக்கிறது, காசுக்கட்டி இருக்கிறது, வெற்றிலையும் இருக்கிறது. தாம்பூலத் தட்டில் தலையணையை வைத்த பெருமை சுங்கத்துறைக்கு உரியது. தலையணையாகத் தைத்த பின் அது 9404க்குப் போகிறது. அது அறைகலன்களின் அதிகாரம். நெசவுப் பகுதியை ஒருமுறையும் தொடாமலேயே இலவம் மரத்திலிருந்து படுக்கைக்கு வந்துவிடுகிறது.

வேறொரு பட்டியல் வேறுவிதமாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வெளியிட்ட நெசவு நாரிழைப் பெயர் விதியின் இணைப்பில் காப்போக் நாரிழையாகவே ஏற்கப்பட்டு, பருத்திக்கு அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கிறது. காயின் உட்புறத்திலிருந்து எடுக்கப்படும் நார் என்று மரத்தின் தாவரப் பெயரோடு வரையறை தரப்பட்டுள்ளது. இரண்டுமே தவறில்லை. ஒன்று 'இது எதற்குப் பயன்படுகிறது' என்று கேட்கிறது. மற்றது 'இது எதனால் ஆனது' என்று கேட்கிறது. அரங்கநாதன் மொழியில் சொன்னால் ஒன்று செயல் முகம், மற்றது மூலப்பொருள் முகம். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத முயலும்போதுதான் குழப்பம் வருகிறது. சுங்கப் பட்டியலின் 14ஆம் அதிகாரக் குறிப்பு இதனைத் தானே ஒப்புக்கொள்கிறது: ஒரு தாவரப் பொருள், நெசவுக்கு மட்டுமே ஆகும்படி பக்குவம் செய்யப்பட்டால் அது அங்கிருந்து நீங்கி நெசவுப் பகுதிக்குச் செல்லும். அண்மைக் காலத்தில் இலவத்தைப் பருத்தியோடு கலந்து நூற்கும் முறைகள் வந்துள்ளன. ஒரே காயிலிருந்து எடுத்த பஞ்சில் பாதி தலையணைக்கும் பாதி கலப்பு நூலுக்கும் சென்றால், முதற்பாதி வெற்றிலையோடும் மறுபாதி பருத்தியோடும் நிற்கும். பஞ்சு மாறவில்லை, செயல் மாறியிருக்கிறது. உரிப்பொருளே திணையை நிறுத்தும் என்றவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

ஆகவே மூன்று அட்டவணைக்கு நான்காவது ஒன்று வேண்டும்: செயலட்டவணை. நாரிழை நூலாகலாம், நூலாகாமல் நேரே திணிப்பாகலாம், கயிறாகலாம், காகிதமாகலாம். தென்னை நாருக்கும் இது உதவும். கம்பளி அழுத்தத் துணிக்கும் உதவும். நூலே இல்லாமல் இழையை அழுத்திச் செய்யும் இக்காலத்து நெய்யாத் துணிகளுக்கும் உதவும். பருத்தியை அளவுகோலாக வைத்து எல்லாவற்றையும் அளந்த பிழை அதனால் நீங்கும்.

எஞ்சுவது அந்த வெறுங்கட்டங்கள். இலவத்தின் நூல் எண் கட்டம் வெறுமையாக இருக்கிறது. பெயரறியாத ஒரு பழந்துணியின் நூல் எண் கட்டமும் வெறுமையாக இருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று. ஆனால் பழந்துணிக்கு நூல் எண் உண்டு, எவரும் அளக்கவில்லை. இலவத்துக்கு அக்கேள்வியே பொருந்தாது. இவ்வேறுபாட்டைக் காட் அவர்களே பின்னர் உணர்ந்து, 1990இல் வெளியிட்ட நூலில் 'உரியது, ஆனால் கிடைக்கவில்லை' என்பதற்கு ஒரு குறியும் 'உரியதே அன்று' என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்று வற்புறுத்தினார். பெரும்பாலான மென்பொருள்கள் அவரைப் பின்பற்றவில்லை. இரண்டுக்கும் ஒரே வெறுமையைத்தான் இன்றும் வைத்திருக்கின்றன. அவ்வெறுமையைப் பார்ப்பவர் 'விவரம் குறைந்த சரக்கு' என்று இலவத்தை ஒதுக்குவார். போடிச் சரிவின் சிறு விவசாயி கொண்டு வரும் சரக்கில் குறையேதும் இல்லை, குறை கட்டத்தில்.

இதனால் யாருக்கு இழப்பு என்றால், விடை கடைத்தெருவில் இருக்கிறது. பட்டியலில் 'பஞ்சுத் தலையணை' என்று ஒரே பெயர் இருந்தால், அதனுள் நூற்பாலைக் கழிவுப் பருத்தி இருந்தாலும் பெயர் பொய்யாகாது. செயற்கை இழை கலந்தாலும் பொய்யாகாது. வாங்குபவர் இலவம் என்று நினைத்து வாங்குவார். உண்மையான இலவத்தை மலையிலிருந்து இறக்கியவர் அந்தக் கலப்புச் சரக்கின் விலையோடு போட்டியிட வேண்டியிருக்கும். ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் பருத்தி நனைந்து அமிழும், இலவம் மிதந்துகொண்டே இருக்கும். உருப்பெருக்கியில் வைத்தால் பருத்தியின் முறுக்கும் இலவத்தின் வழவழத்த குழலும் தெரியும். சோதனை எளிது. சோதித்த முடிவை எழுதுவதற்குப் பெயரும் கட்டமும் வேண்டும்.

பெயர் தருவது இவ்வவையின் கையில் இருக்கிறது. தமிழில் துணிக்கு அறுவை என்றும் துணி என்றும் பெயர் வந்தது தறியிலிருந்து அறுத்தும் துணித்தும் எடுத்ததனால். செயலையே பெயராக்கிய மொழி இது. இலவத் தொழிலில் காய் பறிப்பவர், உடைக்கும் பெண்கள், விதை பிரிப்பவர், மெத்தைக்குப் பஞ்சு கொட்டுபவர் ஆகியோரின் பேச்சில் முற்றிய காய்க்கும், முற்றாமல் பறித்ததற்கும், மழையில் நனைந்து கறுத்த பஞ்சுக்கும், முதல் தரத்துக்கும் வழங்கும் சொற்கள் எந்த அகராதியிலும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. ஏலத்துக்குச் சல்லடை செய்தது போல் இலவத்துக்குச் செய்ய வேண்டிய சல்லடை அச்சொற்கள்தாம். வட்டத்து உறுப்பினர் ஒரு கோடையில் நான்கு நாள் அச்சரிவுகளில் நடந்து, சொல், சொன்ன ஊர், சொல்லின் பொருள், சொன்னவர் செய்யும் வேலை என நான்கு கட்டங்களில் எழுதிக்கொண்டு வந்தால் பெயரட்டவணை உருவாகிவிடும். கேட்ட சொல்லைச் செந்தமிழாக்கித் திருத்தி எழுதிவிடக் கூடாது என்பது ஒன்றே அதற்கு விதி.

மாதிரிக்கு முதல் வரியை இங்கேயே நிரப்பிவிடலாம். நாரிழை: இலவம்பஞ்சு. மரம்: சீபா பென்டாண்ட்ரா. பிறப்பிடம்: காயின் உட்சுவர். இடம்: போடிநாயக்கனூர் மலைச்சரிவு. காலம்: கோடை. செயல்: திணிப்பு. ஆகும் பொருள்: தலையணை. நூல் எண்: பொருந்தாது. தரத்துக்கு ஊரில் வழங்கும் சொல்: உண்டு, இன்னும் கேட்டு எழுதவில்லை.